ஹக்கல்பி மேடு உள்வாங்கிய வழக்கு

சனிக்கிழமை, காலை ஒன்பது மணி.

ஹக்கல்பி மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தின் பின்னறையில் அலமாரியைத் திறந்தபோது மேடு இறந்து கிடந்தது.

வியாழக்கிழமை வரை அது நல்ல மேடு. ஒரு முழ நீளம், ஒரு சாண் உயரம். உச்சியில் புல், புல்லில் ஈய ஆடுகள், ஆடுகளுக்கு ஓர் ஈய மேய்ப்பன். இப்போது அந்த இடத்தில் கஞ்சிச் சட்டி அளவுக்கு ஒரு குழி. குழியின் அடியில் மேய்ப்பன் நின்றுகொண்டிருந்தான். தொப்பிகூட நழுவவில்லை. ஆடுகள் சரிவில் ஒட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேய்ந்தன.

"யாரும் தொடாதீங்க," என்றார் தலைவர்.

பொம்மைப் படைகளை வைத்துப் பழைய யுத்தங்களைத் திரும்ப நடத்தும் மன்றம் அது. அதன் செயற்குழு மொத்தமும் அந்த அறையில்தான் இருந்தது, நான்கு பேர்.

தலைவர் டெஸ்மண்ட் பிரிக்ஸ் கம்பளக் கடை நடத்தி ஓய்ந்தவர். அவர் காதோடு ரகசியம் சொன்னால் எதிர்ச்சாரி ரொட்டிக்கடைக்காரர் "அப்படியா" என்று கேட்பார். சாவிக்குப் பொறுப்பு நெவில் ஸ்டப்ஸ். ஒல்லி, கேட்டாலொழியப் பேசமாட்டார், பேசினால் ஆதாரத்தோடு பேசுவார். டீக்குப் பொறுப்பு லென் வாட்டம். முன்னாள் லாரி ஓட்டுநர். ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாரையும் "டக்" என்றுதான் கூப்பிடுவார். இங்கிலாந்தின் அந்தப் பக்கத்தில் அது பாசம். வாத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான்காவது ஆள் ஈனிட் ஹோல்ராய்ட். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதத்தைப் பார்வையிடும் வேலையில் இருந்தவர். எரிந்த சமையலறை, நனைந்த சோபா, தானாகவே கிளம்பிக் குளத்தில் இறங்கிய கார் என்று ஊரார் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப நடந்ததைச் சொல்லுங்க" என்று கேட்டே தலை நரைத்தவர். யுத்தத்தில் எப்போதும் ராஜா பக்கம் நிற்பார். சரித்திரத்தில் தோற்ற ராஜா, ஈனிட் கையில் வந்த பிறகு ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

மறுநாள் நாட்டிங்ஹாமில் கண்காட்சி. ஹக்கல்பியில் ராஜாவின் படையும் பார்லிமென்ட் படையும் மோதிக்கொண்ட சண்டையை அங்கே மேஜை மேல் நடத்திக்காட்டப் போகிறார்கள். அதற்காகக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வயலும் வேலியும் கிராமமுமாகப் பலகைகள் செய்திருந்தார்கள்; அதில் ஒன்றின்மேல்தான் இந்த மேடு. கையைக் கடிக்காத சரக்கு. வீடு கட்டும் இடத்தில் குளிர் தடுக்கச் சுவருக்குள் வைத்தது போக மிஞ்சிய நீலத் தெர்மாகோல். மேஸ்திரியிடம் பல்லிளித்து அதை வாங்கிவருவது லென் வேலை. யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போன பெயின்ட். கோதுமை வயலுக்குத் தேங்காய் நார் மிதியடி, வேலிக்குப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, காட்டுச் சருகுக்குக் காயவைத்த டீத்தூள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வட்டாரம். அடுக்கிக் கட்டினால் ஒரு பெட்டி.

தூக்கிப் போகச் சுலபம் என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு வருஷம் நெடுஞ்சாலையில் காற்றடித்து ஒரு பலகை வண்டியிலிருந்து பறந்தே போய், பக்கத்து மாவட்டத்துக் கோழிப்பண்ணையில் இறங்கியது. தேடிப்போனால் அதன்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை எழுப்ப முடியாது என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். அந்த வருஷத்துச் சண்டையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கோழி எந்தப் பக்கமும் சாயவில்லை.

பலகை செய்வதில் மன்றத்துக்கு ஒரு வழக்கம். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் பலகை வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அதனால் மேலே பச்சை, கீழே சாம்பல். இரண்டு பக்கமும் கெட்டியாக இரண்டு பூச்சு. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் டெஸ்மண்ட். பலகை விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஒவ்வொரு கண்காட்சியிலும் "செலவில்லாமல் பலகை செய்வது எப்படி" என்று அவர் பேசுவார். கூட்டம் நின்று கேட்கும். நாளைக்கும் பேச இருந்தார்.

டெஸ்மண்ட் அலமாரியின் கீழ்த்தட்டில் கையை விட்டு ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்தார். சாம்பல் நிறப் பெயின்ட்.

"இது யாருது?"

"என்னுது," என்றார் நெவில். "பீரங்கிக்கு அடிக்கிறது. எப்பவும் அங்கதான் இருக்கும்."

"அலமாரிச் சாவி?"

"என்கிட்ட."

"இன்னொரு சாவி?"

"கிடையாது."

"எட்டு மாசமா இந்த மேடு வேண்டாம்னு சொன்னது யாரு?"

நெவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேண்டாம்னு சொல்லல. இத்தனை உசரம் வேண்டாம்னேன். ஹக்கல்பில இருக்கறது மேடு. நீ கட்டினது மலை. அதுல குதிரைப்படை ஏறணும்னா குதிரைக்குக் கயிறு கட்டணும்."

"கேட்டுக்கிட்டீங்களா? ஸ்பிரே அடிச்சா தெர்மாகோலைத் தின்னுடும்னு இங்க தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா?"

யாரும் இல்லை. பலகை செய்கிற எவனும் முதல் மாதத்திலேயே ஒன்றைக் கரைத்துவிட்டுக் கற்றுக்கொள்ளும் பாடம் அது.

"மேல புல்லு பச்சையாவே இருக்கே, டக்," என்றார் லென்.

"அடியிலேர்ந்து அடிச்சிருக்கான். அடிப்பக்கமும் சாம்பல், டப்பாவும் சாம்பல். யாருக்குத் தெரியப்போகுது? நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்." டெஸ்மண்ட் நிமிர்ந்தார். "நான் ஒரு தீர்மானம் கொண்டுவரேன். இந்த மேட்டை அழிச்சது யாரோ, அவங்க இன்னியோட மன்றத்தை விட்டுப் போகணும். பதினோரு மணிக்குப் பலகை ஏத்தறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிடலாம்."

நெவில் சாவியைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். சண்டை போடவில்லை. மனைவி போன பிறகு அவருக்கு வாரத்தில் மன்றம் கூடும் செவ்வாய், வியாழன், சனிதான் நாட்கள். மற்றதெல்லாம் நடுவில் இருக்கும் இடைவெளி. ஈனிட்டுக்கு அது தெரியும். டெஸ்மண்டுக்கும் தெரியும்.

"பதினோரு மணிதானே?" என்றார் ஈனிட். "நேரமிருக்கு. லென், தண்ணி கொதிக்க வை. பிணத்தை நான் பாக்கறேன்."

காலை ஒன்பதரை.

ஈனிட் பலகையை ஜன்னலோரம் கொண்டுபோனார். குழிக்குள் விரலை விட்டுத் தடவினார். புல்லும் பெயின்ட்டும் கிழியாமல், காய்ந்த மாம்பழத் தோல்போலச் சுருங்கி உள்ளே தொங்கின. ஓட்டை எங்கும் இல்லை. பலகையைத் திருப்பினார். அடிப்பக்கம் சமமாக, சாம்பலாக, முழுசாக இருந்தது. விரல் முட்டியால் தட்டினார். ஓரத்தில் டக் டக். நடுவில் தொம் தொம். முரசு.

கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, குழியின் ஓரத்தில் குத்தி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ஏதோ கடைத்தெரு ஞாபகம் வந்தது. செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டித் தருகிற கடை.

ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. ஒருமுறை ஒருவர் தன் வீடு எரிந்த கதையை அவரிடம் சொல்லத் தொடங்கி, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசியதில், போகப்போக வீட்டைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஒரு திரைச்சீலைக்கு மட்டும் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு போனார்.

முதலில் நெவில். அவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"நீ செஞ்சியா?"

"இல்ல."

"அந்த டப்பாவைக் கடைசியா எப்ப தொட்ட?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

"சாவியை யாருக்காவது குடுத்தியா?"

"குடுத்தேன்னு சொன்னா நான் தப்பிச்சுடுவேன்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா குடுக்கல."

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் எங்க கம்பெனியில எனக்கு வேலையே கம்மியா இருந்துச்சு," என்றார் ஈனிட்.

அடுத்து சமையலறை. லென் ரொட்டிக்குள் வறுத்த பன்றிக்கறியை அடைத்துக்கொண்டிருந்தார். அவர் போடும் டீயில் கரண்டி சாயாமல் நிற்கும் என்பது ஊரறிந்தது. போன பாதிரியார் அதைக் குடித்துவிட்டுத்தான் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டார்.

"லென், செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே டக், மேட்டுமேல பீரங்கி வெச்சீங்க. மேடு அப்படியே பலகைமேல வழுக்கிக்கிட்டு கிராமத்துக்குள்ள போயிடுச்சு. சட்டி மூடி மாதிரி."

"ஒட்டி எத்தனை நாள் ஆச்சு அப்போ?"

"மூணு வாரம் இருக்கும். வெள்ளைப் பசை. தூக்கிப் பாத்தா நடுவுல இன்னும் பால் மாதிரியே இருந்துச்சு. ரெண்டு தெர்மாகோலுக்கு நடுவுல காத்து போகாது இல்ல, காயாது. டெஸ்மண்ட் 'நான் பாத்துக்கறேன்'னு வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனாரு. வியாழக்கிழமை கொண்டாந்துட்டாரு. நான்தான் அலமாரியில வெச்சேன், நெவில் பூட்டினான்."

"வியாழக்கிழமை மேடு எப்படி இருந்துச்சு?"

"பாறை. ஆட்டிப் பாத்தேனே, அசையல. சுத்தியும் புதுசா பெயின்ட் அடிச்சு, புல்லு வேற ஒட்டியிருந்தாரு. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கைவேலைக்காரன்."

"ஆமா," என்றார் ஈனிட். ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

டெஸ்மண்ட் மேடை ஓரத்தில் உட்கார்ந்து நாளைய பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முணுமுணுப்புக்கு நடுவே வலது கட்டைவிரலைச் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ சுருண்டு சுருண்டு உதிர்ந்தது.

"கையில என்ன?"

"ரோஜாச் செடி வெட்டினேன். முள்ளு."

"இந்த வருஷம் ரோஜா நல்லா வருமா?"

"வரும்."

"சாப்பிடறியா?" என்று ரொட்டியை நீட்டினார்.

டெஸ்மண்ட் பன்றிக்கறி ரொட்டியை வேண்டாம் என்று சொன்னது மன்றத்தின் சரித்திரத்தில் அதுவே முதல்முறை.

பதினோரு மணி.

நான்கு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேஜைமேல் குழிவிழுந்த பலகை, அதற்குப் பக்கத்தில் கிராமத்துப் பலகை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெறும் நீலத் தெர்மாகோல் துண்டு, நெவிலின் டப்பா.

"தீர்மானத்துக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை," என்றார் ஈனிட். டப்பாவைக் குலுக்கினார். நீலத் துண்டின்மேல் ஒருமுறை அடித்தார். பிறகு கிராமத்துப் பலகையைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பி, தாராளமாக நாலுமுறை அடித்தார்.

டெஸ்மண்ட் எழுந்தேவிட்டார். "ஈனிட், அது என் கிராமம்."

"தெரியும். உக்காரு. டீ குடி."

நீலத் துண்டு மெல்லச் சீறியது. தண்ணீரில் விழுந்த வெல்லக் கட்டிபோல ஓரம் இளகி, நடு குழிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதியானது. கிராமத்துப் பலகையின் அடிப்பக்கம் ஈரமாகப் பளபளத்தது. லென் எல்லார் கோப்பையிலும் இரண்டாவது முறை ஊற்றினார். அதையும் குடித்தார்கள். ஈனிட் பலகையைத் தட்டினார். டக் டக். ஓரத்தில் தட்டினார், நடுவில் தட்டினார். எங்கும் டக் டக்.

"ஒண்ணும் ஆகலையே, டக்," என்றார் லென்.

"ஆகாது. ஸ்பிரே தெர்மாகோலைத் தின்னும்னு நம்ம நாலு பேருக்கும் தெரியும். தெரிஞ்சதே தப்பாப் போச்சு. அது தின்னறது வெறும் தெர்மாகோலை. நம்ம பலகை எது வெறுமையா இருக்கு? மேல ரெண்டு பூச்சு, கீழ ரெண்டு பூச்சு. நம்ம கையாலயே சட்டை போட்டு விட்டுட்டு, அம்மணமா நின்ன மாதிரி பேசிக்கிட்டிருக்கோம்."

நெவில் தலையைத் தூக்கினார்.

"இந்தக் குழியைப் பாருங்க. மேல் தோல் கிழியல. அடித்தோல் கிழியல. நடுவுல இருந்த சதை மட்டும் காணோம். வெளியிலேர்ந்து எதுவும் உள்ள போகல. அப்போ பூட்டு, சாவி, டப்பா இதெல்லாம் எதுக்கு? வியாழக்கிழமை நெவில் அலமாரியைப் பூட்டினப்பவே கொலைகாரன் மேட்டுக்குள்ள இருந்தான். பிணத்தோட சேர்த்து அவனையும் பூட்டிட்டோம்."

"யாரு அது?" என்றார் லென்.

"பசை. செருப்புக்குப் போடற மஞ்சள் சொல்யூஷன். ஊசி குத்தினா இப்பவும் வாசம் வருது, மோந்து பாரு. வெச்ச உடனே பிடிக்கும், பாறை மாதிரி நிக்கும். ஆனா அதுல இருக்கறதும் ஸ்பிரேல இருக்கறதும் அண்ணன் தம்பி. திறந்து வெச்சா காத்துல போயிடும். ரெண்டு தெர்மாகோலுக்கு நடுவுல வெச்சு, சுத்திலும் பெயின்ட் அடிச்சு மூடினா எங்க போகும்? உள்ளயே உக்காந்து சாப்பிடும். ரெண்டு ராத்திரி சாப்பிட்டிருக்கு. செவ்வாய்க்கிழமை பால் மாதிரி இருந்த வெள்ளைப் பசை வியாழக்கிழமைக்குள்ள பாறையாகாது. நடுவுல ரெண்டு நாள் இந்தப் பலகை ஒருத்தர் வீட்டுலதான் இருந்துச்சு." ஈனிட் கோப்பையைக் கீழே வைத்தார். "டெஸ்மண்ட், ரோஜா முள்ளு குத்தும். உரியாது."

டெஸ்மண்ட் கட்டைவிரலை மேஜைக்கு அடியில் மறைத்தார். பிறகு அதில் பிரயோஜனமில்லை என்று பட்டதோ என்னவோ, மேலே எடுத்து வைத்தார். அவர் குரல் முதல்முறையாக அந்த அறைக்குள்ளேயே அடங்கியது.

"கொஞ்சூண்டுதான் வெச்சேன். ஓரமா. அந்த வெள்ளைப் பசை காயவே மாட்டேன்னுது. நாளைக்குக் கண்காட்சி. 'சொல்யூஷன் தொடாதே'ன்னு வருஷா வருஷம் ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். நானே..." நிறுத்தினார். "காலைல கதவைத் திறந்ததுமே புரிஞ்சுடுச்சு. சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள கைக்கு டப்பா ஆப்பிட்டுடுச்சு."

"கைக்கு ஆப்பிட்டது சரி," என்றார் ஈனிட். "அப்புறம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தியே, அது எதுக்கு ஆப்பிட்டுச்சு?"

டெஸ்மண்ட் எழுந்து கோட்டை எடுத்தார். கையை நுழைக்க இடம் தெரியாமல் இரண்டுமுறை தவறினார்.

"எங்க போற?" என்றார் நெவில்.

"மேட்டை அழிச்சவங்க மன்றத்தை விட்டுப் போகணும். என் தீர்மானம்தானே."

"தீர்மானம்னா வழிமொழிய ஒரு ஆள் வேணும். விதி தெரியாதா? நீதானே தலைவர்." நெவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றிப் பார்த்தார். "வழிமொழியறவங்க யாரு?"

லென் டீயைப் பார்த்தார். டீயில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை. ஈனிட் ஜன்னலைப் பார்த்தார்.

"யாருமில்ல. விழுந்துடுச்சு," என்றார் நெவில். "கோட்டைக் கீழ வை. பெட்டியை இன்னொரு முனையில யாரு பிடிக்கறது? எனக்கு இடுப்பு சரியில்ல."

டெஸ்மண்ட் கோட்டும் கையுமாக நின்றார். "நெவில், நான் உன்னை..."

"தெரியும். அதை இப்ப சொல்லாத. நாளைக்குச் சொல்லு. பலகை செய்யறது பத்திப் பேசறப்ப இந்தப் பலகையையும் கையில எடுத்துக் காட்டணும். என்ன பசை, யார் வெச்சது, எல்லாம். இதுதான் என் தீர்மானம்."

"வழிமொழிகிறேன்," என்றார்கள் லென்னும் ஈனிட்டும் ஒரே குரலில்.

ஞாயிற்றுக்கிழமை, நாட்டிங்ஹாம். பிற்பகல்.

குழிக்கு வேறு வழியில்லாமல், ஓரங்களைப் பெயின்ட்டால் கொஞ்சம் வெளுத்து, கல் வெட்டி எடுத்த பள்ளம் என்று சொல்லிக்கொண்டார்கள். ராஜாவின் படை அதில் ஒளிந்திருந்து பார்லிமென்ட் படையை அடித்துத் துரத்தியது. ஈனிட்டுக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை.

சண்டை முடிந்ததும் டெஸ்மண்ட் பேசினார். தெர்மாகோல், பெயின்ட், மிதியடி என்று வழக்கம்போல முழங்கிக்கொண்டு வந்தவர், பசைக்கு வந்ததும் தடுமாறினார். நெவில் பக்கத்தில் நின்று பலகையை எடுத்துக் கையில் கொடுத்தார். டெஸ்மண்ட் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"இதை ஒரு முட்டாள் கெடுத்தான்," என்றார். "கெடுத்துட்டு, பழியை அவனோட சிநேகிதன்மேல போட்டான். அந்த முட்டாள் நான். சிநேகிதன் இவன்."

முன்வரிசையிலிருந்து, லிங்கன் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். அவர் கண் பலகையை விட்டு நகரவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார். "நானும் எத்தனையோ வருஷமா கல்லுப் பள்ளம் செஞ்சு பாக்கறேன், இவ்வளவு அசலா வந்ததே இல்ல. அது என்ன பசைன்னு சொன்னீங்க?"

டெஸ்மண்ட் நெவிலைப் பார்த்தார்.

"சொல்லு," என்றார் நெவில். "இனிமே மறைக்கறதில்லன்னு ஆச்சு."

டெஸ்மண்ட் பசையின் பெயரைச் சொன்னார். எதிர்ச்சாரியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. பாதிக் கூட்டம் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டது.